முறுக்கிய இருகம்பி

ஆலைப் பொறிகளை நடத்தும் கட்டுப்பாட்டுக் கருவிகள் கம்பி வழியே ஏவற்செய்தி அனுப்புகின்றன. 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆர்.எஸ். 232 என்னும் முறையில், செய்திக் கம்பியின் மின்னழுத்தம் பொதுக் கம்பியோடு ஒப்பிட்டு அறியப்படும். அம்முறை ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவிற்கே ஏற்றது. பேராலைக்கு அது போதுமோ? அன்றியும், பெரிய மின்மோட்டார்கள் சுழலுமிடத்தில் மின்னிரைச்சல் கம்பியிற் புகுந்து செய்தியைக் கெடுக்கும். ஏவல் பிறழின் பொறியும் பிறழும். அருகில் நிற்கும் தொழிலாளியின் உயிர்க்கே இடர் நேரலாம்.

1983-ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்.எஸ். 485 முறை இக்குறையைப் பெரிதும் நீக்கியது. இதில் இரு கம்பிகள் கயிறுபோல் முறுக்கப்பெறும். கயிற்றை முறுக்குவது வலிமைக்காக. இங்கோ நோக்கம் வேறு. முறுக்கிய கம்பிகள் இரண்டிலும் புறத்து இரைச்சல் ஏறத்தாழ ஒத்த அளவாகப் படியும். செய்தியோ ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கும். பெறுங்கருவி இரண்டின் வேறுபாட்டையே நோக்குமாதலின், பொதுவான இரைச்சல் கழிந்து செய்தி எஞ்சும். விரைவு குறைவாயின் 1,200 மீட்டர் வரை இவ்வாறு அனுப்பலாம். கம்பிகளை முறுக்கும் இவ்வுத்திக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார் என்பது வியத்தற்குரியது.

இத்தகைய பழங்கருவிகள் பல இன்றும் உழைக்கின்றன. அவற்றின் கம்பி பழுதுற்றால் கைக்குக் கிடைத்த கம்பியை மாட்டலாகாது. தடத்தின் இரு கோடியிலும் 120 ஓம் அளவான மின்தடையும் வேண்டும். இன்றேல் நெடுந்தடத்திற் சென்ற செய்தி கோடியில் மோதி மீண்டு, பின்வரும் செய்தியைக் குழப்பும்.