மலையேறும் நாளும் அதற்கடுத்த இரவும்



கோவைக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்தில் தொடங்கும் வெள்ளியங்கிரி மலைப்பாதை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுடையது. செங்குத்தான படிகள், உருண்டு கிடக்கும் கற்கள், வழுக்குப் பாறைகள் எனச் செல்லும் அப்பாதையில் ஏழு மலைகளைக் கடந்து உச்சியை அடைந்து திரும்பப் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகிறது. பிப்ரவரி முதல் மே வரை, தோளில் பையும் கையில் மூங்கில் தடியுமாக ஆயிரக்கணக்கானோர் ஏறுகின்றனர். அவர்களுள் நீரிழிவு உடையோரும் பலர். இக்கட்டுரை அவர்களுக்காகவும், அவர்களுடன் செல்வோருக்காகவும், வீட்டில் காத்திருப்போருக்காகவும் எழுதப்படுகிறது.

நான் கேட்கத் தவறிய கேள்வி

என்னிடம் சிகிச்சை பெறும் விவசாயி ஒருவருக்கு வயது 56. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உள்ளது. காலையில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் மாத்திரைகள். இரவில் நீண்ட நேரம் செயல்படும் இன்சுலின். ஒவ்வொரு முறையும் "நன்றாக நடங்கள்" என்று சொல்லி அனுப்புவேன். மலைக்குச் செல்லும் வழக்கம் உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஓராண்டு அவர் இரவு 9 மணிக்கு ஏறத் தொடங்கி, விடியலில் உச்சியில் வழிபட்டு, நண்பகலில் நலமாக இறங்கி வந்தார். மாலையில் வீடு சேர்ந்தவர் களைப்பினால் இரண்டு இட்லி மட்டும் உண்டு, வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டு உறங்கினார். அதிகாலை 3 மணிக்கு மனைவி விழித்தபோது அவருடைய உடல் வியர்வையில் நனைந்திருந்தது; அழைத்தும் பதில் இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது இரத்தச் சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றியபின் கண் விழித்தார். கிளிமிபிரைடு போன்ற மருந்து உடலில் இருக்கும்வரை சர்க்கரை மீண்டும் தாழக்கூடும் என்பதால் ஒரு நாள் முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்தோம்.

மலையில் நிகழாதது வீட்டுக் கட்டிலில் நிகழ்ந்தது ஏன்?

தசைகளின் கடன்

ஓய்வில் இருக்கும் தசை, இன்சுலினின் துணையோடுதான் சர்க்கரையைப் பெருமளவில் உள்வாங்கும். உழைக்கும் தசையோ இன்சுலினுக்காகக் காத்திராமல் தானே இழுத்துக்கொள்ளும். பல மணி நேரம் பையைச் சுமந்து ஏறி இறங்கும்போது, தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்து வைத்த சர்க்கரை பெரிதும் கரைந்துவிடுகிறது. நடை முடிந்த பின்னர் அச்சேமிப்பை நிரப்ப, தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொண்டே இருக்கும். இப்பணி 24 மணி நேரம்வரை நீளலாம். அந்நேரத்தில் உணவு குறைந்து, மருந்து மட்டும் வழக்கம்போல் சென்றால் சர்க்கரை தாழும். உறக்கத்தில் நடுக்கமும் பசியும் உணரப்படுவதில்லை.

ஆகவே, நீரிழிவு உடையவருக்கு மலைப்பயணம் அடிவாரத்தில் முடிவதில்லை. மறுநாள் காலையில்தான் முடிகிறது.

புறப்படுமுன்

மறு ஆண்டு அவர் இரண்டு மாதம் முன்னதாகவே மகனுடன் வந்தார். "டாக்டருங்க, இந்த வருசமும் மலைக்குப் போகோணுங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றார். வேண்டாம் என்றால் சொல்லாமல் செல்வார் என்பது புரிந்தது. எனவே ஆயத்தம் செய்தோம்.

முதலில் இதயம். நீண்டகால நீரிழிவில், நெஞ்சுவலி இல்லாமலேயே இதயத்துக்கு இரத்தஓட்டம் குறையக்கூடும். ஆகவே இசிஜியும் டிரெட்மில் பரிசோதனையும் செய்தோம். அடுத்து விழித்திரையைப் பரிசோதித்தோம். இறுதியாகப் பாதம். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்த்தபோது இடது உள்ளங்காலில் இரண்டு இடங்களில் அவருக்கு உணர்வே இல்லை. வெறுங்காலுடன் ஏறுவது அவருடைய வேண்டுதல். ஆனால் உணர்வற்ற பாதத்தில் கல் குத்துவது தெரியாது. இறங்கும்போது வெயிலில் காய்ந்த பாறை சுட்டுக் கொப்புளம் எழுந்தாலும் தெரியாது. அத்தகைய புண் விரலையோ காலையோ இழக்கும் நிலைக்கும் கொண்டுசெல்லலாம். நெடுநேரம் பேசியபின், பழகிய காலணியும் பருத்திக் காலுறையும் அணிந்து ஏறி, சன்னதியில் மட்டும் கழற்றுவதென ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு மலையின் முடிவிலும் பாதத்தைப் பார்ப்பது மகனின் பொறுப்பு.

மருந்தளவை அவ்விரு நாட்களுக்கும் குறைத்துத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவ்வளவை இங்கே குறிப்பிடவில்லை. ஒருவருக்குரிய குறைப்பு மற்றவருக்குப் பொருந்தாது. இன்சுலினை முற்றிலும் நிறுத்துவதும் ஆபத்தே. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளை உட்கொள்வோர் நீரிழப்புக்கு எளிதில் ஆளாவர். அவற்றைப் பற்றியும் முன்கூட்டியே கேளுங்கள்.

பாதையில்

குளுக்கோமீட்டரையும் குளுக்கோஸ் பொடியையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கூட்டத்தில் பிரிய நேரிடும். ஆகவே பொடி இருவர் பையிலும் இருக்கட்டும். இன்சுலினை வெயில் படும் வெளிப்பையில் வைக்காமல் துணிகளுக்கு நடுவே வையுங்கள். இன்சுலின் போட நேர்ந்தால், நடையில் உழைக்கும் தொடையைத் தவிர்த்து வயிற்றில் போடுங்கள்.

தொடங்குமுன் சர்க்கரை 100க்குக் கீழ் இருந்தால் உணவு உண்டபின் ஏறுங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது உண்டு, நீர் அருந்துங்கள். வாழைப்பழம் உண்ட விரலைக் கழுவாமல் பரிசோதித்தால் கருவி பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். கழுவித் துடைத்தபின் குத்துங்கள்.

நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமற்ற எரிச்சல், குழறும் பேச்சு, தள்ளாட்டம் ஆகியன தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். மலையில் இவை களைப்பெனத் தோன்றும். ஐயம் எழுந்தால் அமர்ந்து பரிசோதியுங்கள். 70க்குக் கீழ் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். உயரவில்லையெனில் மறுபடியும் கொடுங்கள். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். அளவு உயர்ந்தபின் கடலை மிட்டாய் உண்ணலாம். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே உதவி கோருங்கள். மேல்மலைகளிலிருந்து டோலியில்தான் இறக்க இயலும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நெஞ்சிலோ தாடையிலோ அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டாலும் ஏறுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

திரும்பும் முடிவும் இரவுக் காவலும்

இரண்டு முறை சர்க்கரை 70க்குக் கீழ் தாழ்ந்தால் திரும்பிவிட வேண்டும் என்று தந்தையும் மகனும் வீட்டிலேயே முடிவு செய்திருந்தனர். நான்காம் மலையில் ஒருமுறையும், ஆறாம் மலையில் ஆண்டி சுனை அருகே மறுமுறையும் தாழ்ந்தது. உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தது. சற்று நேரம் வாக்குவாதம் நடந்ததாக மகன் சொன்னார். பின்னர் அளவு உயரும்வரை அமர்ந்திருந்து, அங்கிருந்தே கைகூப்பி இறங்கினர்.

அன்றிரவு குறைத்த அளவு இன்சுலின்; பசியில்லாவிடினும் முழு உணவு; படுக்குமுன் ஒரு பரிசோதனை. நள்ளிரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்த மனைவி மீண்டும் பார்த்தார். அளவு 78. மருந்தின் வேலை இன்னும் முடியாத வேளையில் அது போதாது. அவரை எழுப்பி ஒரு குவளைப் பாலும் நான்கு ரொட்டித் துண்டுகளும் கொடுத்தார். அரைமணி கழித்து 112. அதன் பின்னரே அந்த அம்மையார் உறங்கினார்.

"ஏழாவது மலை அங்கயேதான இருக்குதுங்க" என்று அடுத்த வருகையில் அவர் சிரித்தார். பாதத்தில் ஒரு கீறலும் இல்லை.

வெள்ளியங்கிரியோ, சதுரகிரியோ, விடுமுறைக்காலப் பாறைப்பாதையோ எதுவாயினும், புறப்படுவதற்கு ஒரு மாதமாவது முன்னதாக உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். உடன் வருபவருக்குக் கருவியைக் கையாளக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் இருப்பவர் அன்றிரவு ஒருமுறை விழித்துப் பார்க்கட்டும்.