ஊற்றும் பூங்காவும்

பாலை நிலத்தில் ஓர் ஊற்று இருப்பின், மக்கள் கூடுவதற்கு வேறு அழைப்பு வேண்டுவதில்லை. அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ் நகரம் ஊற்றுகளால் தோன்றியதே. அப்பெயர் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் எனப் பொருள்படும். அவ்வூற்றுகளின் கரையில் பையூட் என்னும் தொல்குடியினர் பன்னெடுங்காலம் வாழ்ந்து வந்தனர்.

இருப்புப்பாதை வந்தது; 1905-ஆம் ஆண்டில் மனைகள் ஏலம் விடப்பட்டன; நகரம் எழுந்தது. பையூட் மக்களுக்கு எஞ்சியது யாது? 1911-ஆம் ஆண்டில் ஹெலன் ஸ்டூவர்ட் என்னும் அம்மையார் அவர்கள்பொருட்டு அரசாங்கத்திற்கு எழுதிக் கொடுத்த 10 ஏக்கர் நிலமே!

வளர்ந்த நகரம் நிலத்தடி நீரை ஓயாது இறைத்தது. நீர்மட்டம் தாழ்ந்தது. 1962-ஆம் ஆண்டில் ஊற்றுகள் வற்றின. தன்னை ஈன்ற ஊற்றை நகரமே குடித்துத் தீர்த்தது எனலாம்.

அவ்விடத்தில் ஏறத்தாழ 180 ஏக்கர் பரப்பில் அமைக்கப்பட்ட பூங்கா 2007-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அங்கே நடைவழிகளும், அருங்காட்சியகமும், மக்கள் கூடும் திறந்தவெளி அரங்கும் உள்ளன. தோட்டத்தில் நிற்பவை சிறிதளவு நீரே வேண்டும் பாலைச் செடிகள். இவ்வறிவு நகரத்தார்க்குக் காலந்தாழ்ந்தே வந்தது. பையூட் மக்களோ அச்செடிகளிடையே வாழ்ந்தவர்கள். அவர்தம் 10 ஏக்கர் நிலம் இன்றும் நகரின் நடுவே உள்ளது.