தேங்காய் நிமிர்ந்தால் தண்ணீரா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீரோட்டம் பார்ப்பவர் உங்கள் தோட்டத்தில் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார், ஓரிடத்தில் அது விருட்டென்று நிமிர்ந்தது, அங்கே போர் போட்டதும் ஒன்றரை இஞ்சு தண்ணீர் வந்தது என்று எழுதியிருக்கிறாய். கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது என்றும் கேட்கிறாய். நான் எதையும் மறுக்கவில்லை. தேங்காய் நிமிர்ந்தது உண்மை, தண்ணீர் வந்ததும் உண்மை. முன்னதைக் கொண்டுதான் பின்னது கிடைத்தது என்று நிலவியல் படிக்கிற நீ எப்படி முடிவுகட்டினாய்? அதுதான் என்னை உறுத்துகிறது.

பாறை வகைகளை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். காவிரிப் படுகையின் மணலில் எங்கே துளையிட்டாலும் ஏதோ ஓர் ஆழத்தில் நீர் உண்டு. அங்கே தேங்காயோ குச்சியோ பிடித்து நீரோட்டம் பார்ப்பவர் தோற்கவே முடியாது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப்பாறை. அங்கேயும் மேலே சிதைந்த பாறை அடுக்கு இருக்கிறது, கீழே வெடிப்புகள் இருக்கின்றன. பல இடங்களில் கொஞ்சமாவது நீர் கசியும். ஆகவே தண்ணீர் வந்ததா என்று கேட்டால் போதாது. தேங்காய் படுத்தே கிடந்த இடத்தில் துளையிட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? அந்த இடத்தில் யாரும் போர் போடுவதில்லை. பக்கத்து ஊரில் ஆயிரம் அடி போய் வெறும் புகை வந்த கதையை யாரும் உனக்குக் கடிதமாக எழுதப் போவதும் இல்லை. வென்ற கதைகளை மட்டும் எண்ணிவிட்டு அதை அனுபவ அறிவு என்று பெயரிட்டுக்கொள்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

இதைச் சரியாகச் சோதித்தவர்கள் உண்டு. 1987, 88இல் ஜெர்மனியின் மியூனிக் அருகே ஒரு களஞ்சியக் கட்டடத்தில் நடந்த சோதனையை நான் பல தடவை படித்திருக்கிறேன். நீரோட்டம் பார்ப்பவர்கள் சுமார் 500 பேரை முதலில் சோதித்து, அவர்களில் தேறியவர்கள் என்று 43 பேரைப் பொறுக்கினார்கள். கீழ்த்தளத்தில் ஒரு வண்டியின்மேல் நீரோடும் குழாய். பத்து மீட்டர் நீளக் கோட்டில் ஒவ்வொரு முறையும் அதை வேறு இடத்துக்கு நகர்த்துவார்கள். மேல்தளத்தில் நடப்பவர் குழாய் எதற்கு நேராக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இப்படி 843 முறை. நடத்தியவர்களே பெரும்பாலோர் தோற்றார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு சிலரிடம் உண்மையான திறமை தெரிகிறது என்று அறிவித்தார்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் என்ரைட் அதே எண்களை எடுத்து மறுபடி ஆராய்ந்து 1999இல் எழுதினார். ஒரு தொடரில் நன்றாகச் சொன்னவர்கள் அடுத்த தொடரில் அதைத் திரும்பச் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு முறையும் கோட்டின் நடுப்புள்ளியைச் சொல்லியிருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு சரியாக இருந்திருக்கும். ஐந்நூறு பேரில் வடிகட்டி எடுத்தவர்களின் நிலை இது! இதைப் படித்த பிறகும் 'ஏதோ இருக்கத்தான் செய்யும்' என்பவரோடு பேசிப் பயனில்லை.

தேங்காய் பிடித்து நடந்த உங்கள் ஊர்ப் பெரியவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் மனதார நம்பித்தான் செய்கிறார்கள். தேங்காய் உள்ளங்கையில் படுத்திருக்கும் விதத்தை ஒருமுறை உற்றுப்பார். அதன் நிலை உறுதியற்றது. மணிக்கட்டு நூலளவு சாய்ந்தாலும் புரளும், எழும். கவட்டைக் குச்சியை இரு கையாலும் விரித்து இழுத்துப் பிடிக்கும்போதே அதில் வில்லின் விசை ஏறிவிடுகிறது. கை சற்றே திரும்பினால் அது படாரென்று கீழே மடங்கும். செம்புக் கம்பியும் அப்படித்தான். பிடித்திருப்பவருக்குத் தன் கை அசைந்தது தெரியவே தெரியாது. பிரெஞ்சு வேதியியலர் ஷெவ்ரோல் 1833இல் இதை விளக்கியிருக்கிறார். பாதரசத்தின் மேல் பிடித்த ஊசல் ஆடியது. அவர் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு பிடித்ததும் பாதரசத்தின் விளைவு காணாமல் போனது. தன் கையையே சந்தேகித்த மனிதர் அவர்! அந்தக் கட்டுரையைத் தேடிப் படி.

நம் முன்னோர் சொன்னது பொய்யா என்று அடுத்து கேட்பாய். ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரை அறிய ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. எந்த மரத்தின் அருகே எந்தத் திசையில் புற்று இருந்தால் எத்தனை ஆள் ஆழத்தில் நீர் என்று விவரமாகச் சொல்கிறது. வேர்கள் ஈரத்தைத் தேடிப் போகும், கறையானுக்கும் ஈரம் வேண்டும். அந்த நூலில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் தோண்டிப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லலாம். சில தவறாகவும் இருக்கும், இருக்கட்டும். நிலத்தை உற்றுநோக்கி எழுதிய நூலைக் கையில் குச்சி பிடிப்பதற்குச் சான்றாகக் காட்டாதே. உங்கள் பெரியவர் சில நேரம் சரியாகச் சொல்கிறார் என்றால், தேங்காயைவிட, நாற்பது வருடம் அந்த மண்ணையும் மரத்தையும் பள்ளத்தையும் பார்த்த அவர் கண்ணுக்கே அதில் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

அப்படியானால் நீரை எப்படித் தேடுவது? மின்தடை ஆய்வைப் பற்றி நீ வகுப்பிலேயே படித்திருப்பாய். நான்கு கம்பிகளை மண்ணில் ஊன்றி, வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உட்கம்பிகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பது. கம்பிகளை அகட்ட அகட்ட ஆழம் தெரியும். இறுகிய பாறையின் மின்தடை மிக அதிகம், நீர் நிறைந்த சிதைந்த பாறையில் அது வெகுவாகக் குறையும். களிமண்ணும் உவர்நீரும் அதேபோலக் குறைத்துக் காட்டும், ஆகவே அந்த முறையும் தவறும். ஆனால் அது எங்கே, ஏன் தவறுகிறது என்று நமக்குத் தெரியும்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அந்தப் பெரியவரை மரியாதையோடு அழைத்து, தோட்டத்தில் இடங்களைக் குறிக்கச் சொல். நாடா பிடித்து அளந்து எழுதிக்கொண்டு, அடையாளங்களை அழித்துவிடு. பிறகு அவர் சம்மதித்தால் கண்ணைக் கட்டி, வேறு பக்கத்திலிருந்து மறுபடி நடக்கவிடு. இரண்டு பட்டியலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து எனக்கு எழுது. அடுத்த போருக்கு அப்பா கடன் வாங்கப் போவதாகச் சொன்னாயே, போர்வெல் வண்டியைக் கூப்பிடும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போய் நிலத்தடி நீர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்.

அன்புடன்,
உன் ஆசிரியர்