பாட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு



ஒரு காலத்தில் டவுன் ரெக்கோடிங் பாருக்குப் போய், பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, கெசட்டில் அடித்து வாங்கினோம். இப்போது அதெல்லாம் போனிலேயே நடக்குது. புதுப்படம் தியேட்டருக்கு வந்து இரண்டு நாளில் லயத்துப் பிள்ளைகளின் கையில் இருக்குது. "இன்டர்நெட்டில சும்மாதானே கிடக்குது, எடுத்தா என்ன?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்த முறை பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சட்டம் என்ன சொல்லுது?

நமது நாட்டில் இதற்கு உள்ள சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒருவர் தன் அறிவாலும் உழைப்பாலும் உண்டாக்கிய பாட்டு, படம், புத்தகம் எல்லாம் சொத்துத்தான். கதவு திறந்து கிடக்குது என்று அடுத்த காம்பிராவுக்குள் போய்ச் சாமான் எடுப்போமா? இதுவும் அப்படித்தான்.

பாட்டு எழுதியவரின் உரிமை அவர் வாழும் காலம் முழுவதும், அவர் காலமான பின் இன்னும் 70 வருடமும் இருக்கும். "இது இந்தியப் படம், இங்கே யார் கேட்பது?" என்றும் சொல்ல முடியாது. இலங்கையும் இந்தியாவும் பேர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள். அங்கே எடுத்த படத்துக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு.

பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. பாரதியார் 1921இல் காலமானார். அவர் பாடல்களை யாரும் பாடலாம், அச்சடிக்கலாம். ஆனால் அதே பாட்டை ஒரு கம்பனி இசையமைத்துப் பதிவு செய்தால், அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு.

எது செய்யலாம், எது கூடாது?

காசு கொடுத்து முறையாக வாங்கிய பாட்டு ஸீடியிலிருந்து சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்கச் சட்டம் இடம் கொடுக்குது. முறையான பிரதியாக இருக்க வேண்டும், ஒன்றுதான் எடுக்க வேண்டும், தனக்காக மட்டும் எடுக்க வேண்டும். திருட்டுத்தளத்தில் இருந்து இறக்கிய படத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது.

பெரிய ஆபத்து விற்பதில்தான். தெரிந்துகொண்டே திருட்டுப் பிரதியை விற்றாலும், விற்பதற்காக வைத்திருந்தாலும் குற்றம். நீதவான் நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் 5 லட்சம் ரூபாய் வரை தண்டப்பணம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். மறுபடியும் பிடிபட்டால் தண்டனை இரட்டிப்பாகும்.

இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை, யட்டியாந்தோட்டை டவுன்களில் போன் கடை வேலைக்குப் போகும் நமது பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மெமரி காட்டில் படம் ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்குவது சின்ன வேலையாகத் தெரியும். "முதலாளி சொன்னார், நான் செய்தேன்" என்ற பேச்சு காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். கொழுந்து எடுக்கும் அம்மா வருடக்கணக்கில் மிச்சம் பிடித்தாலும் 5 லட்சம் சேர்ப்பது லேசா?

மேடையில் பாடுவதற்கும் கேள்வி உண்டு. 2017 மார்ச்சில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, தன் பாடல்களை அனுமதி இல்லாமல் பாடக்கூடாது என்று இளையராஜாவின் வக்கீல் நோட்டீஸ் போனது. பாடிப் பிரபலமாக்கியவருக்கே அந்த நிலை. டிக்கட் போட்டுக் கச்சேரி நடத்தும் நமது இளைஞர் குழுக்களும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

நமது பாட்டுக்கும் காவல் உண்டு

இந்தச் சட்டம் கம்பனிக்காரருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தோட்டத்துத் தம்பி தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு, உண்டாக்கிய அன்றே அவன் சொத்து. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. அவன் பாட்டைப் போடுகிறவர் அவன் பெயரையும் சொல்ல வேண்டும்.

காமன் கூத்து, தாலாட்டு, கொழுந்து மலைப் பாட்டு போன்றவை ஒருவருடையது அல்ல, சமூகத்துக்கே சொந்தம். சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலையகப் பாட்டுகள் நமது பாட்டி, பூட்டிமார் பாடியவை. இப்படிப்பட்ட நாட்டாரியலையும் 24ஆம் பிரிவு பாதுகாக்குது. வழக்கமான இடத்துக்கு வெளியேயோ வியாபாரத்துக்கோ அதைப் பயன்படுத்த அனுமதி வேண்டும். நமது பாட்டை எடுத்து ஒருவர் சம்பாதித்தால் நமக்குக் கோபம் வரும்தானே? மற்றவர் பாட்டுக்கும் அதே நியாயம்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. யூடியூப்பில் கம்பனியோ கலைஞரோ தாங்களே போட்டிருப்பதைப் பாருங்கள், கேளுங்கள்.

2. திருட்டுத்தளங்களில் வரும் பொத்தான்களை அமத்தாதீர்கள். போனில் கெட்ட செயலிகள் ஏறலாம். பேங்க் விபரமும் களவு போகலாம்.

3. பிள்ளை பாட்டு எழுதினால் திகதி போட்டுக் கொப்பியில் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் சாட்சியாக உதவும்.

4. சந்தேகம் என்றால் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரிக்கலாம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் தோட்ட நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.