ஒளிந்திருக்கும் கணினிகள்

1983ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்கப் படைத்துறையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ், வலையமைப்பில் நேர்ந்த கோளாற்றை ஆராய ‘பிங்’ என்னும் சிறுநிரலை எழுதினார். நீருக்கடியில் பொருள்களைத் தேடும் சோனார் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. ஒரு முகவரிக்குச் செய்தித்துணுக்கை அனுப்பி, மறுமொழி வருகிறதா எனப் பார்ப்பதே அதன் பணி.

மறுமொழி வராவிடில், அங்குக் கணினியே இல்லை எனக் கொள்ளலாமா? இயலாது. தீச்சுவர் மென்பொருள் அவ்வினவலைத் தடுத்துவிட்டால், இயங்கும் கணினியும் ஊமைபோல் இருக்கும். பாதுகாப்புச் சோதனையாளர் ஐயுறும் இடம் இதுவே. உரிமையாளரின் எழுத்துவழி இசைவோடு அதே உள் வலையமைப்பில் இணைந்த அவர், வேறு வகையில் வினவுவார்: “இந்த ஐ.பி. முகவரி யாருடையது?” 1982இல் வெளியான ஏ.ஆர்.பி. நெறிமுறைப்படி எழும் இவ்வினாவுக்கு, உரிய கணினி தன் வன்பொருள் முகவரியைக் கூறியாக வேண்டும். கூறாவிடில், பொதுவாக, அண்டையிலுள்ள கணினிகள் அதற்குத் தரவு அனுப்ப வழியில்லை. பிங்குக்கு வாய்திறவாத கணினி இங்கே அகப்பட்டுவிடும்.

அகப்படுவது பகைவர் ஒளித்துவைத்ததாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பட்டியலிலிருந்து விடுபட்ட பழைய அச்சுப்பொறியாகவும் இருக்கலாம். பல்லாண்டுகளாக அதன் மென்பொருள் புதுப்பிக்கப்படாதிருப்பின், ஊடுருவ முயல்வோர்க்கு அதுவே வாயிலாகும்.