பாம்பன் இரும்புப் பாலமும் மலையக மக்களும்

இராமேஸ்வரம் என்றதும் இராமபிரான் அமைத்த சேதுவே அடியார் நினைவில் முதலில் எழும். அத்தீவைத் தமிழகக் கரையுடன் இணைத்த இன்னொரு பாலமும் உண்டு. உடப்புசல்லாவைத் தோட்டங்களில் வாழும் பல குடும்பங்களின் வரலாற்றில் இடம்பெற்ற பாம்பன் இரும்புப் பாலமே அது.

1911 இல் தொடங்கிய வேலை நிறைவுற்று, 1914 பெப்ரவரி 24 இல் பாலம் திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 2 கிலோமீற்றர், கண்கள் 145. கப்பல்கள் செல்வதற்காக அவற்றுள் ஒன்று இரண்டாகப் பிரிந்து மேலெழும். ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் முறை அது. தொழிலாளர் இருபுறமும் நின்று, நெம்புகோல்களைக் கையால் தள்ளியே அதைத் திறந்தனர்.

அதே 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவையும் ஆரம்பமாயிற்று. முன்னைய தலைமுறையினர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளை வரை வந்தவர்கள். வழியிலேயே மாண்டவர் பலர். பிற்காலத்தில் கங்காணிமார் அழைத்து வந்தவர்கள், மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டு, பின்னரே பாலத்தைக் கடந்து கப்பலேறினர். இராகலைப் பக்கம் வருவோருக்கு அக்காலத்தில் நானுஓயாவிலிருந்து சிறிய கோச்சியும் இருந்தது. 1904 இல் இராகலையை எட்டிய அப்பாதை 1948 இல் முற்றாக மூடப்பட்டது.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. சம்பந்தப்பட்ட மக்களிடம் எவரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழியுமுன், டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஒரு புகையிரதம் பயணிகளுடன் கடலில் மறைந்தது. பாலத்தின் 126 கண்களின் உத்திரங்கள் வீழ்ந்தன. திறந்து மூடும் கண் மட்டும் அசையாது நின்றது. கடலில் கிடந்த உத்திரங்களை மீட்டு, ஈ. ஸ்ரீதரன் தலைமையிலானோர் 46 நாட்களில் பாலத்தைச் சீராக்கினர்.

தனுஷ்கோடி மீண்டும் எழவில்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோர் தலைமன்னார் நோக்கி ஏறிய வண்டியை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றது. தீவிலிருந்து மறுகரை சேர, 1988 இல் வீதிப்பாலம் திறக்கும் வரை, இரும்புப் பாலத்தை விட்டால் தரைவழி இல்லை. ஆகவே பாட்டன் இலங்கைக்கு வரக் கடந்த அதே பாலத்தைப் பேரன் எதிர்த்திசையில் கடந்தான். அவனைத் தாயகம் திரும்பியவன் என அரசுகள் எழுதின. அவனோ பிறந்ததே தோட்டத்து லயத்தில்!

ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1984 இல் போர்ச் சூழலால் கப்பல் நின்றது. போகவேண்டியவர்களாகப் பதியப்பட்டும் இங்கேயே தங்கியவர்கள், 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பிரஜாவுரிமை பெற்றனர்.

உப்புக்காற்றால் துருவேறிய பழைய பாலத்தில் 2022 டிசம்பருடன் புகையிரதச் சேவை நின்றது. அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் கண் பிரிவதில்லை. முழுதாக நேரே மேலெழுகிறது.