பச்சை உடம்புக்காரிக்கு என்ன கொடுப்பது?

பொட்டிப்புரம் போன்ற மலையடிவாரக் கிராமங்களில் பிள்ளை பெற்றவளைப் "பச்சை உடம்புக்காரி" என்பார்கள். ஆறாத உடம்பு என்பது பொருள். அந்த ஒரு சொல்லிலேயே நல்ல வைத்தியம் இருக்கிறது.

தாய்வீட்டில் பாட்டிமார் செய்யும் பிரசவ மருந்து நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை ஆகியவற்றை இடித்து, பூண்டும் கருப்பட்டியும் சேர்த்து, நல்லெண்ணெய் விட்டுக் கிளறி, காலையில் ஓர் உருண்டை கொடுப்பார்கள். இதை மூடப்பழக்கம் என்று தள்ள வேண்டியதில்லை. தமிழக அரசு 2015இல் தாய்மாருக்குக் கொடுக்கத் தொடங்கிய குழந்தை நலப் பெட்டகத்தில் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. முருங்கைக்கீரை, பூண்டுக்குழம்பு, கருவாடு, நாட்டுக்கோழிச் சாறு எல்லாமே நல்ல உணவுதான். நாற்பது நாள் ஓய்வும் அப்படியே. லேவியராகமம் 12ஆம் அதிகாரத்திலும் ஆண்பிள்ளை பெற்றவளுக்கு ஏழும் முப்பத்துமூன்றுமாக நாற்பது நாள் கணக்கு வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதுதான் தவறு. "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துரும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று சொல்லி, நா வறண்டு கேட்டாலும் அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தெட்டு பங்கு தண்ணீரே. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவு பால் சுரக்க வேண்டியவளுக்குத் தண்ணீர் தராவிட்டால் மலச்சிக்கல் வரும், நீர்க்கடுப்பு வரும், உடம்பு சோர்ந்துபோகும். காய்ச்சி ஆறிய நீரைத் தாகம் தீரக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது சோறு. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாக வேண்டும். பருப்பு, முட்டை, பழம் ஆகாது என்று ரசச்சோற்றோடு விட்டால் இது எங்கிருந்து வரும்? ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவள் இன்னும் வெளுத்துப்போவாள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் விழுங்க வேண்டும். காப்பி, தேநீரோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது.

பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கும் வழக்கமும் இங்கே உண்டு. சீனித்தண்ணீரோ தேனோ வேண்டாம். தேனிலிருந்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடிய நஞ்சுநோய் வரக்கூடும். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றாமல், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் இருக்கிறது.

பாட்டியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? சண்டை போட்டால் மருமகள்தான் அல்லல்படுவாள். "உங்கள் மருந்து நல்லது பாட்டி, அதோடு ஒரு சொம்பு தண்ணீரும் கொடுங்கள்" என்றால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

ஆனால் ஓய்வுக்குக் காசு வேண்டுமே. இப்பள்ளத்தாக்கிலிருந்து பெண்கள் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூலி நின்றால் அடுப்பும் நிற்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவியை அரசு 2018இல் 18,000 ரூபாயாக்கியது. அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். உங்கள் சபையில் கர்ப்பவதி இருந்தால், பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதியச் சொல்லுங்கள்.

அதிக உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம் — இவற்றில் எது கண்டாலும் லேகியத்தை எடுக்காதீர்கள். 108க்கு அழையுங்கள்.